அரசுப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்கு உண்மையிலேயே எத்தனை மணி நேரம் பாடம் நடக்குது?

போன நவம்பர் முடிஞ்ச கையோட ஒரு ஞாயித்துக்கிழமை எம்பொண்ணு கணக்கு நோட்டை எடுத்து உக்காந்து பாத்தேன். வடசென்னையில ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில ஏழாவது படிக்கிறா. அவங்க கணக்கு மிஸ் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக் குடுத்திருக்காங்க, பாடம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஓரத்துல தேதி எழுதி கோடு போட்டுட்டுத்தான் முதல் வரியே எழுதணும். அதனால நோட்டைப் புரட்டினாலே எந்த நாள் பாடம் நடந்துச்சு, எந்த நாள் நடக்கலன்னு தெரிஞ்சிடும். அந்த மாசம் பள்ளிக்கூடம் நடந்தது பதினேழு நாள், நோட்ல இருந்தது ஒன்பது தேதி. மிச்ச எட்டு நாள் என்ன ஆச்சுன்னு கேட்டா ரெண்டு நாள் டெஸ்ட், ஒரு நாள் மிஸ்ஸுக்கு டிரெயினிங், மத்த நாளெல்லாம் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிட்டாங்க, "கிளாஸ் லீடர் போர்டுல பேசறவங்க பேர் எழுதிட்டிருந்தா மா"ன்னு சொல்றா.

அந்த மிஸ் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, அவங்க இருக்கற அன்னிக்கு பாடம் அவ்ளோ அழகா நடக்குது. ஆனா அன்னையிலேர்ந்து இந்த நேரக் கணக்கு என் மனசை விட்டுப் போகல. பள்ளிக்கூடம் எத்தனை நாள் திறந்திருந்துச்சுங்கறது வேற, பிள்ளைக்கு எத்தனை மணி நேரம் பாடம் கிடைச்சதுங்கறது வேற, நாம பேப்பர்ல படிக்கறது, டிவியில பாக்கறது எல்லாமே முதல் கணக்குதான். ரெண்டாவது கணக்கை யாரும் வெளிய சொல்றதில்ல, அதைப் போட்டுப் பாக்கலாம்னுதான் இதை எழுதறேன்.

சட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கறேன். 2009ல போட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1லேர்ந்து அமலுக்கு வந்துச்சு. அதோட கடைசியில ஒரு அட்டவணை இருக்கு, எத்தனை பிள்ளைக்கு எத்தனை டீச்சர், கட்டடம் எப்பிடி இருக்கணும்னு எல்லாம் அதுலதான் வருது. அதுலயே நேரமும் இருக்கு. ஒண்ணாவதுலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் வருஷத்துக்கு குறைஞ்சது 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம். ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் 220 வேலை நாள், 1000 மணி நேரம். டீச்சருக்கு வாரத்துக்கு 45 மணி நேரம், அதுல பாடம் நடத்தறதும் அதுக்குத் தயார் பண்றதும் சேர்த்தி. நாள் கணக்கையும் மணிக் கணக்கையும் சட்டம் தனித்தனியா எழுதியிருக்குங்கறதை கவனிங்க, ஏன்னா நடைமுறையில எல்லாரும் நாளை மட்டும்தான் எண்றாங்க.

தமிழ்நாட்டுல 2024-25 கல்வியாண்டுக்கு முதல்ல 220 நாள்னு காலண்டர் போட்டாங்க, சனிக்கிழமை நிறைய வேலை நாளா வந்துச்சு, ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் குறைக்கச் சொல்லிக் கேட்டதுக்கு அப்பறம் 210 நாளா ஆச்சு. அந்த பத்து நாளுக்காக அப்போ ரெண்டு பக்கமும் நிறைய பேசினாங்க. எனக்கென்னவோ அந்த பத்து நாளைவிட மிச்சம் இருக்கற 210 நாள்ல என்ன நடக்குதுங்கறதுதான் பெருசாப் படுது.

கணக்கைப் போட்டுப் பாருங்க. எங்க பள்ளிக்கூடத்துல ஒரு நாளைக்கு எட்டு பீரியட், ஒரு பீரியட் 40 நிமிஷம், அப்போ ஒரு நாளைக்கு 5 மணி 20 நிமிஷம். இதை 210ஆல பெருக்கினா 1120 மணி நேரம் வருது. சட்டம் கேக்கற 1000ஐ தாண்டிடுச்சு, காகிதத்துல எந்தக் குறையும் இல்ல. இப்போ கழிக்க ஆரம்பிங்க. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டுன்னு மூணு பெரிய பரீட்சை, நடுவுல மிட்டெர்ம், மாசாந்திர டெஸ்ட், எல்லாம் சேத்து முப்பது நாள்னு வைங்க. பரீட்சை நாளும் வேலை நாள்தான், ஆனா அன்னிக்குப் புதுப் பாடம் கிடையாது. 180 நாள் ஆச்சுன்னா 960 மணி நேரம். ஆண்டு விழா, கலைத் திருவிழா, விளையாட்டு விழா, அதுக்கெல்லாம் ஒத்திகைன்னு ஒரு அஞ்சு நாள் கழிச்சா 933. இந்த இடத்துலயே ஆயிரத்துக்குக் கீழ வந்தாச்சு, இன்னும் டீச்சர் லீவு, டிரெயினிங், மழை எதையுமே நான் தொடல. இது நானா போட்ட கணக்கு, ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா கழிக்க வேண்டிய இனம் எல்லா இடத்துலயும் இதேதான். (விழாவை நான் வேண்டாம்னு சொல்லல. மேடையில ஏறி ஆடின அன்னிக்கு எம்பொண்ணு மூஞ்சில இருந்த சந்தோஷத்தை நான் பாத்திருக்கேன். அதுவும் படிப்புதான்.)

அடுத்தது அந்த 40 நிமிஷத்துக்குள்ள என்ன நடக்குதுங்கறது. பெல் அடிக்கும், முன்னாடி கிளாஸ்ல இருந்த டீச்சர் மாடி ஏறி வரணும், பிள்ளைங்க அடங்கணும், ஹோம்வொர்க் பாக்கணும், யாரோ ஒரு பையன் நோட் கொண்டு வரல அதை விசாரிக்கணும், காலையில முதல் பீரியட்னா வருகைப் பதிவை போன்ல ஆப்ல ஏத்தணும், நெட்வொர்க் சுத்திக்கிட்டே இருக்கும். உலக வங்கி 2014ல லத்தீன் அமெரிக்க, கரீபியன் நாடுகள் பக்கம் பண்ண ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டுச்சு, ஏழு நாட்டுல 15,000க்கும் மேல வகுப்பறைக்கு ஆள் அனுப்பி உக்கார வச்சு, குறிப்பிட்ட இடைவெளியில இந்த நிமிஷம் இங்க என்ன நடக்குதுன்னு குறிக்கச் சொன்னாங்க. நல்லா நடக்கற வகுப்புல நேரத்துல 85 சதவீதம் பாடத்துக்குப் போகணும்னு ஒரு அளவுகோல் வச்சுக்கிட்டாங்க, ஆனா எந்த நாட்டுலயும் சராசரி 65 சதவீதத்தைத் தாண்டல. அதாவது வாரத்துல ஒரு முழு நாள் கரைஞ்சு போகுது, டீச்சரும் இருக்காங்க பிள்ளையும் இருக்கு, அப்பிடியும். அந்த 65ஐ சும்மா ஒரு பேச்சுக்கு நம்ம 933ல போட்டா 600 மணி நேரம்தான் மிஞ்சுது. சென்னையில இதே மாதிரி அளந்து பாத்தா கூடவும் வரலாம் குறையவும் வரலாம், ஆனா அளந்து பாக்கணும்னு கேக்கறதுல என்ன தப்பு.

"வாத்தியாருங்க சரியா வரதில்ல, அதான்"னு பேச்சு ஒண்ணு ரொம்ப நாளா சுத்துது. அதுக்கு ஒரு பின்னணி இருக்கு. 2003ல இந்தியா முழுக்க கிட்டத்தட்ட 20 மாநிலத்துல அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு சொல்லாம கொள்ளாம போய்ப் பாத்த ஒரு ஆய்வுல நாலு டீச்சர்ல ஒருத்தர் பள்ளிக்கூடத்துல இல்ல, மொத்தத்துல பாதிப் பேர்தான் அந்த நேரத்துல பாடம் நடத்திட்டிருந்தாங்கன்னு வந்துச்சு. அந்த 25 சதவீதத்தை இன்னிக்கு வரைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க. ஆனா அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 2017ல ஆறு மாநிலத்துல 619 பள்ளிக்கூடத்துல பாத்தப்போ பள்ளியில இல்லாத டீச்சருங்க 18.5 சதவீதம், அதுல காரணமே இல்லாம வராதவங்க 2.5 சதவீதம்தான். மிச்சப் பேர் முறையா எடுத்த லீவு, டிரெயினிங், சர்க்கார் வேலைன்னு போனவங்க. இந்த ரெண்டையும் சேத்துப் படிச்சாத்தான் விஷயம் புரியும். பிள்ளை பக்கத்துலேர்ந்து பாத்தா டீச்சர் எதுக்காக இல்லைங்கறது முக்கியமில்ல, அந்த பீரியட் போச்சு. ஆனா சரி பண்ணணும்னா காரணம் முக்கியம், ஏன்னா காரணமில்லாம வராதவங்களை மிரட்டிக் கூப்பிடலாம், டூட்டிக்கு அனுப்பினவங்களை மிரட்டி என்ன ஆகப் போகுது?

சட்டத்துல 27வது பிரிவு டீச்சரை படிப்பு அல்லாத வேலைக்கு அனுப்பக் கூடாதுன்னு சொல்லுது, சொல்லிட்டு மூணு விலக்கு குடுக்குது, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை வர மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், உள்ளாட்சி சட்டமன்றம் பாராளுமன்றம் தேர்தல் வேலை. கேக்கறதுக்கு எப்பவாவது வர வேலை மாதிரி இருக்கு. ஆனா நம்ம ஊர்ல ஏதோ ஒரு தேர்தல் வந்துக்கிட்டேதான் இருக்கு, வாக்காளர் பட்டியல் திருத்தம் வேற தனி, சென்னையில பேரிடர்னா நவம்பர் டிசம்பர் வந்தாலே பயம்தான். மூணு விலக்கும் சேந்து ஒரே வருஷத்துல வந்தா அந்த வருஷம் ஏழாவது படிக்கற பிள்ளைக்கு ஏழாவது திரும்பி வரப் போறதில்ல.

மழையைப் பத்திக் கொஞ்சம் கூடவே சொல்லணும், ஏன்னா சென்னைக்கு இதுதான் பெரிய ஓட்டை. 2015ல நவம்பர் நடுவுலேர்ந்து மழையும் லீவுமா போய் டிசம்பர் 1 வெள்ளம் வந்து, 14ஆம் தேதிதான் பள்ளிக்கூடம் திறந்தாங்க, அரையாண்டுத் தேர்வையே ஜனவரிக்குத் தள்ளினாங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம், அப்பவும் ஒரு வாரம் போச்சு. அதே 2023ல கோடையில வெயில் தாங்கலன்னு ஜூன் முதல் வாரம் திறக்க வேண்டியதை தள்ளித் தள்ளி ஜூன் 12க்குக் கொண்டு போனாங்க, சின்ன வகுப்புக்கு ஜூன் 14. ஒரே கல்வியாண்டுல முன்னாடி வெயில் தின்னுச்சு, நடுவுல புயல் தின்னுச்சு.

கலெக்டர் லீவு விட்டா எல்லாப் பள்ளிக்கும் ஒரே லீவுதான், ஆனா இழப்பு ஒரே மாதிரி இல்ல. தண்ணி வடிஞ்ச மறுநாள் மேட்டுல இருக்கற தனியார் பள்ளி திறந்துடும், லீவு நாள்லயே ஆன்லைன் கிளாஸ் எடுத்த பள்ளியும் உண்டு. புளியந்தோப்பு, வியாசர்பாடி மாதிரி தாழ்வான இடத்துல இருக்கற பள்ளிக்கூடத்துல தண்ணி நிக்கும், பல மாநகராட்சிப் பள்ளி நிவாரண முகாமா மாறும், ஜனங்க அங்க தங்கி, சாப்பிட்டு, திரும்பிப் போனதுக்கு அப்பறம் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, நனைஞ்ச பெஞ்சைக் காய வச்சுத்தான் பாடம் ஆரம்பிக்க முடியும். முகாமா திறக்கறது சரியான காரியம், வீடு மூழ்கினவங்க வேற எங்க போவாங்க, எங்க சொந்தக்காரங்களே 2015ல ஒரு பள்ளிக்கூடத்துல நாலு நாள் இருந்தாங்க. ஆனா அந்த நாளை அந்தப் பிள்ளைங்களுக்கு யாராவது திருப்பிக் குடுத்தே ஆகணும் இல்லையா. சனிக்கிழமை ஈடு செய்யறோம்னு சொல்றாங்க, சனிக்கிழமைல வருகை குறைவு, வந்த பிள்ளைங்களை வச்சுப் புதுப் பாடம் நடத்தினா வராதவங்களுக்கு திங்கக்கிழமை திருப்பி நடத்தணும், அதனால டீச்சருங்க ரிவிஷன்ல ஓட்டிடறாங்க. நாள் கணக்கு நேராயிடும், பாடம் அப்பிடியே நிக்கும்.

வெள்ளத்துக்கு அப்பறம் நடந்த இன்னொண்ணையும் மறக்கக் கூடாது. அடையாறு கரையில இருந்த குடும்பங்களை கல்வியாண்டு நடுவுலயே பெரும்பாக்கம் மாதிரி இடத்துக்குக் கொண்டு போய் விட்டாங்க. பழைய பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறி வரணும்னா ஒன்றரை மணி நேரம் ஒரு பக்கம், புதுப் பள்ளிக்கூடத்துல சேரணும்னா டிசி வாங்கணும், இந்த இழுபறியில போன நாள் எந்தப் பள்ளிக்கூடத்து கணக்குலயும் வராது. பள்ளிக்கூடம் வருஷம் பூரா திறந்துதான் இருந்துச்சு, பிள்ளைதான் அங்க இல்ல.

மார்ச் ஏப்ரல்ல இன்னொரு கதை. பள்ளிக்கூடம் பொதுத்தேர்வு மையமா இருந்தா பரீட்சை நாள்ல சின்ன வகுப்புங்களுக்கு இடம் கிடையாது. டீச்சருங்க வேற பள்ளிக்கு மேற்பார்வைக்குப் போவாங்க, அப்பறம் பேப்பர் திருத்தப் போவாங்க. பிளஸ் ஒன்னுக்கு 2017-18ல கொண்டு வந்த பொதுத்தேர்வை 2025ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையோட எடுத்துட்டாங்க, அதனால கொஞ்சம் நாள் மிஞ்சும்னு நம்பறேன். பத்தாவது பன்னண்டாவதுக்கு காலையில ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்னு டீச்சரோட சக்தி எல்லாம் அங்க போகுது, ஆறு ஏழு எட்டு படிக்கறதுங்க இடையில தொங்குது. பத்தாவதுல வந்து "இவனுக்கு வகுத்தல் கூட வரல"ன்னு சொல்றாங்களே, அந்த வகுத்தலுக்கான பீரியடு நாலு வருஷத்துக்கு முன்னாடியே காணாமப் போனது.

நேரம் அவ்ளோ முக்கியமா, கூட நேரம் உக்கார வச்சா படிச்சிடுவாங்களான்னு கேட்டா, ஆமான்னு நேரா சொல்ல முடியாது. பணக்கார நாடுகள்ல தொடக்கப் பள்ளிக்கு வருஷத்துக்கு சராசரியா 800 மணி நேரத்தை ஒட்டித்தான் வருது, பின்லாந்துல அதைவிடவும் குறைவு, அங்க பிள்ளைங்க நல்லாத்தான் படிக்குது. ஆனா அங்க 40 நிமிஷம்னா 40 நிமிஷமும் டீச்சர் அந்த அறையில இருக்காங்க. ஜான் கேரல்னு ஒரு அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1963ல ஒரு எளிமையான விஷயம் சொன்னார், ஒரு பாடத்தைக் கத்துக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவைப்படற நேரம் வேற வேற, அந்தத் தேவையில எவ்ளோ நேரம் நிஜமா கிடைச்சதோ அந்த அளவுக்குத்தான் படிப்பு ஏறும்னு. எங்க தெருவை வச்சு இதை யோசிச்சுப் பாத்தேன். வீட்ல படிச்சவங்க இருந்தா, சாயங்காலம் ட்யூஷன் இருந்தா, பள்ளியில விட்டது வேற எங்கயாவது நிரம்பிடும். அம்மா ஆறு வீட்டு வேலை பாத்துட்டு ராத்திரி எட்டு மணிக்கு வர வீட்ல அந்த நாப்பது நிமிஷம்தான் மொத்தமும்.

இந்த ஊருக்கு இது புதுச் சண்டையும் இல்ல. 1953ல ராஜாஜி முதலமைச்சரா இருந்தப்போ தொடக்கப் பள்ளி நேரத்தை அஞ்சு மணியிலேர்ந்து மூணு மணி நேரமா குறைச்சு, பிள்ளைங்களை ரெண்டு ஷிஃப்ட்டா பிரிச்சு, மிச்ச நேரம் அப்பா அம்மா தொழிலைக் கத்துக்கட்டும்னு கிராமப் பக்கத்துப் பள்ளிகள்ல ஒரு திட்டம் கொண்டு வந்தார். இருக்கற டீச்சர், இருக்கற கட்டடத்தை வச்சே ரெண்டு மடங்கு பிள்ளைங்களைச் சேக்கலாம்ங்கறது ஒரு காரணமா சொன்னாங்க. ஜனங்க அதுக்கு வச்ச பேர் குலக்கல்வித் திட்டம். அந்த வருஷம் திமுக நடத்தின மும்முனைப் போராட்டத்துல ஒரு முனை இதுக்கு எதிராத்தான், பெரியார் ஒரு பக்கம் கொதிச்சார், காங்கிரசுக்குள்ளயே எதிர்ப்பு வந்து 1954ல காமராஜர் முதலமைச்சரா வந்ததும் அதைத் தூக்கிப் போட்டார். ரெண்டு மணி நேரம் யார் பிள்ளைகிட்டேர்ந்து எடுக்கறாங்கன்னு அன்னிக்கு தமிழ்நாடே கேட்டுச்சு. இன்னிக்கு அதே ரெண்டு மணி நேரம் எந்த உத்தரவும் இல்லாம கொஞ்சம் கொஞ்சமா போகுது, அதனாலதான் சத்தமே வரல.

நல்லது நடந்ததையும் சொல்லணும். கொரோனாவுல ஒண்ணாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் 2020 மார்ச்ல மூடினது 2021 நவம்பர் 1 வரைக்கும் திறக்கல, அந்தப் பள்ளத்தை ரொப்பத்தான் இல்லம் தேடிக் கல்வி வந்துச்சு, சாயங்காலத்துல தன்னார்வலருங்க தெருவுலயே உக்காந்து சொல்லிக் குடுத்தாங்க, எங்க தெருவுல ஒரு காலேஜ் பொண்ணு மாரியம்மன் கோயில் திண்ணையில இருபது பிள்ளைங்களை வச்சுக்கிட்டிருந்தா. 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு, அதுல வகுப்பைப் பாக்காம பிள்ளை எங்க நிக்குதோ அங்கேர்ந்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு ஆரம்பிக்கறாங்க. 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம் பாட நேரத்தைத் தொடாம மணி அடிக்கறதுக்கு முன்னாடியே முடியுது, பசியோட முதல் ரெண்டு பீரியட் தலை குனிஞ்சு உக்காந்திருந்த பிள்ளைக்கு அந்த ரெண்டு பீரியட் திரும்பக் கிடைச்ச மாதிரிதான். காலி இடத்துக்கு பள்ளி மேலாண்மைக் குழு மூலமா தற்காலிக ஆசிரியர் போட்டுக்கலாம்னும் 2022ல வந்துச்சு, இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபா, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, அப்பறம் கூட்டினாங்க. அந்த சம்பளத்துக்கு சென்னையில வாடகை குடுத்து எத்தனை பேர் நிலைச்சு நிப்பாங்கங்கறது எனக்குக் கவலை.

நானும் அந்த மேலாண்மைக் குழுவுல ஒரு உறுப்பினர். டிசம்பர் கூட்டத்துக்கு அந்தக் கணக்கு நோட்டையே கொண்டு போனேன். யாரையும் குறை சொல்லல, தேதியை மட்டும் எண்ணிக் காமிச்சேன். ஹெச்எம் மேடம் கொஞ்ச நேரம் பேசாம பாத்தாங்க, அப்பறம் வேற வகுப்பு நோட்டு ரெண்டு மூணு வரவழைச்சுப் பாத்தாங்க. கணக்கு மிஸ் வெளிய போற நாள்ல சயின்ஸ் சார் அந்த பீரியடை எடுத்துக்கறது, மிஸ் வந்த அன்னிக்கு சார் பீரியட்ல ஒண்ணை அவங்களுக்கு விட்டுக் குடுக்கறதுன்னு பேசி முடிவு பண்ணாங்க. சனிக்கிழமை ஈடு செய்யற நாள்ல என்னென்ன பாடம்னு முன்னாடி நாளே நோட்டீஸ் போர்டுல எழுதிப் போடணும்னு இன்னொரு அம்மா கேட்டாங்க, அதையும் தீர்மானத்துல எழுதிக்கிட்டோம்.

ஜனவரியில பொங்கல் லீவு போக நோட்ல பதினாலு தேதி இருக்கு. பிப்ரவரி இன்னும் முடியல, நேத்து வரைக்கும் பதினொண்ணு.